அக்கா வண்டியின் இன்னொரு சாவி

1

போன மாதம் எங்கள் பழைய காரை விற்றோம். வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். வண்டியைச் சுற்றிவந்து டயரை அழுத்திப் பார்த்தார், பின்பெட்டியைத் திறந்து முகர்ந்தார். பிறகு சமையலறை மேசையில் ஒப்பந்தத் தாளை விரித்தார். ஜெர்மனியில் பழைய வண்டி விற்கும் தாளில், எத்தனை சாவி ஒப்படைக்கப்படுகிறது என்று எழுதத் தனியாக ஓர் இடம் உண்டு. இரண்டு என்று எழுதி, இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். நன்றி சொல்லிவிட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒன்றால் கதவைத் திறந்து, வண்டியைக் கிளப்பி, அணைத்து, பூட்டினார். மற்றதை எடுத்து அதே வேலையை முதலிலிருந்து செய்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது.

மகள் இனியாவுக்குப் பதினேழு வயது. "அம்மா, அவர் உன்னை நம்பலை. நீ எதுக்குச் சிரிக்கிற? எனக்கா இருந்தா..." என்று நிறுத்தினாள். அவமானம் என்ற சொல் அவளிடம் தமிழில் இல்லை. அதை மட்டும் ஜெர்மனில் சொன்னாள்.

சாவி விஷயத்தில் யாரையும் நம்பக்கூடாது என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது, உன் பெரியம்மாவின் கதை என்று ஆரம்பித்தேன். கதை திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலுக்கு வந்து சேர்வதற்குள் அவள் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். நெருப்பெரிச்சல் எங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டாதவர்கள் நீங்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரப்பரிசோதனைப் பிரிவில் இருந்தவள். கல்யாணமாகி ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலுள்ள இந்தச் சிற்றூருக்கு வந்தேன். மொழி கொஞ்சம் பிடிபட்டதும் பின்னலாடை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் அதே வேலைக்குச் சேர்ந்தேன். பெட்டியைப் பிரித்து, டேப் வைத்து அளந்து, சட்டையின் கையை இழுத்துப் பார்த்து, துவைத்து, மறுபடி அளப்போம். அளவு பிசகினால் பெட்டி திரும்பிப் போகும். சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று என் கணவர் சொல்வார்.

சாவியின் அருமையும் இங்கேதான் தெரிந்தது. வந்த முதல் வருடம் வீட்டுச் சாவி காணாமல் போயிற்று. ஜெர்மனில் சாவிக்கு 'ஷ்லுஸல்', கிண்ணத்துக்கு 'ஷுஸல்'. கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்கார அம்மாளிடம் போய், என் கிண்ணம் தொலைந்துவிட்டது என்று அழாக்குறையாகச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்து, திருப்பித் தர வேண்டாம் என்று தோளைத் தட்டினார். நான் கையைத் திருகிக் காட்டியதும் விஷயம் புரிந்து அவர் முகம் வெளிறிவிட்டது. அந்தக் கட்டடத்தில் ஒரு சாவி தொலைந்தால் எல்லா வீட்டுப் பூட்டையும் மாற்ற வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கேள்விகள் அனுப்பியது. எங்கே போனீர்கள், யாருடன் போனீர்கள், சாவியில் முகவரி எழுதியிருந்ததா. பூட்டுக் கம்பெனியும் தன் பங்குக்குக் கேட்டது. கடைசியில் சாவி என் குளிர்கோட்டின் கிழிந்த உள்துணிக்குள் கிடந்தது.

அன்றிலிருந்து ஒன்று மனதில் தங்கிவிட்டது. தொலைந்த சாவி என்று எதுவும் கிடையாது. அது எங்கோ ஓர் இடத்தில் இருக்கிறது. நமக்குத்தான் தெரிவதில்லை.

3

என் அக்கா தனம் என்னைவிட எட்டு வயது மூத்தவள். நெருப்பெரிச்சலில் செக்கிங், அயர்னிங் யூனிட் வைத்திருக்கிறாள். பெரிய கம்பெனிகளில் தைத்த உருப்படிகள் அவளிடம் வரும். அவளிடம் வேலை செய்யும் பெண்கள் பிசிர் வெட்டி, குறை பார்த்து, அயர்ன் செய்து பெட்டி போடுவார்கள். என்னைப் போன்ற ஒருத்தி வந்து டேப் வைத்துப் பார்த்துப் பெட்டியைத் திருப்பி அனுப்புவாள். என் தொழில்மேல் அக்காவுக்கு உள்ளூர ஒரு கோபம் உண்டு.

மச்சான் தவறிய பிறகு அக்கா ஸ்கூட்டரில் அலைந்துகொண்டிருந்தாள். ஒரு மழை நாளில் பெருமாநல்லூர் ரோட்டில் விழுந்து முட்டி போயிற்று. அதற்குப் பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். போன தடவை நான் ஊருக்குப் போனபோது யூனிட் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. பழைய வண்டி, ஆனால் சுத்தமாக இருந்தது. சீட் உறை மட்டும் கடையில் வாங்கியது அல்ல. கருநீல இன்டர்லாக் பனியன் துணியில், மஞ்சள் ஓரம் வைத்து, கைதேர்ந்த டெய்லர் தைத்தது. என் கண் முதலில் அங்கேதான் போனது.

"இன்னொரு சாவி எங்கக்கா?"

"தொலஞ்சு போச்சாமா. வேலுச்சாமி அண்ணன் சொன்னாரு."

"யாரு தொலைச்சாங்க?"

"முன்ன வெச்சிருந்தவங்க. கண்ணு, நீ வந்து இன்னும் பையக்கூடப் பிரிக்கல."

வேலுச்சாமி அண்ணன் பல்லடத்துக்காரர். தறி ஓட்டிய குடும்பம். தறிகளை விற்றுவிட்டுப் பழைய கார் வாங்கி விற்கிறார். நெற்றி நிறையத் திருநீறு, வருடம் தவறாமல் பழனிக்கு நடை. மச்சான் இறந்த அன்று காலையில் வந்தவர் மூன்றாம் நாள்தான் வீட்டுக்குப் போனார். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அவருக்குப் போன் செய்தேன்.

"அம்மிணி, எப்ப வந்தீங்க? சாவிங்களா? அவிங்க தாராபுரத்துக்கு ஒரு கலியாணத்துக்குப் போனாங்களாமா. குண்டடத்துல காப்பி குடிக்க நிறுத்துனப்ப எங்கியோ உழுந்துருச்சுங்க."

மறுநாள் வேறு எதற்கோ பேசுவதுபோல மறுபடி கேட்டேன்.

"அது தோட்டத்துக் கெணத்துல உழுந்துருச்சுங்களே. எட்டிப் பாக்கறப்ப பாக்கெட்டுல இருந்து நழுவிருச்சு."

ஒரே சட்டையை இரண்டு தடவை அளந்து இரண்டு அளவு வந்தால் நாங்கள் மொத்தப் பெட்டியையும் பிரிப்போம். பழைய சொந்தக்காரரின் எண்ணைக் கேட்டேன். "அவரு போனே எடுக்கறதில்லீங்க" என்றார்.

அதே வாரம் யூனிட்டில் அயர்ன் போடும் பீகார்க்காரர் ராஜேஷ் என்னிடம் வந்து, குரலைத் தணித்து, "மேடம், ஒரு அம்மா டெய்லி வந்து காடி பாக்குது" என்றார். எதிர்ப்புறம் பேக்கரியைக் காட்டினார். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் டீ கிளாஸ். டீயைக் குடிக்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படியிறங்கியதும் கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வண்டியை விற்று, சாவியை மறைத்து, ஒரு ஆளை வைத்து நோட்டம் பார்த்து, பிறகு வண்டியையே ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அக்காவிடம் சொன்னேன்.

"வேலுச்சாமி அண்ணனையா சொல்ற? கேக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நாளைக்குச் சாவிக் கடைக்குப் போறோம்."

4

பல்லடம் ரோட்டில் ஒரு செல்போன் கடையை ஒட்டி அந்தச் சாவிக் கடை இருந்தது. வைத்திருப்பவர் ரபீக் என்று ஒரு நாற்பது வயதுக்காரர். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஆர்.சி.யையும் அக்காவின் ஆதாரையும் வாங்கி, அக்காவின் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டார்.

"எதுக்குங்க படம்?" என்றேன்.

"நானும் உங்கள நம்பணுமில்லீங்களா" என்றார்.

ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் செருகி, கையளவு ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டார். இந்த வண்டிகளில் சாவிக்குள்ளே ஒரு சின்னச் சிப் இருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான சிப் பக்கத்தில் வந்தால்தான் எஞ்சின் கிளம்பும். அதை அவர் அக்காவுக்கு நிதானமாக விளக்கினார். திரையில் எண் வந்தது.

"ரெண்டு சாவி பதிவாயிருக்குதுங்க. ஒண்ணு உங்க கையில. இன்னொண்ணு எங்கியோ உசுரோட இருக்குது."

"தொலஞ்ச சாவியும் அப்படித்தான காட்டும்?" என்றாள் அக்கா.

"ஆமாங்க. தொலஞ்சதும் காட்டும், எடுத்தவன் கையில இருக்கறதும் காட்டும். இதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது."

எல்லாச் சாவிகளையும் அழித்துவிட்டு, அக்காவிடம் இருந்ததையும் புதிதாக ஒன்றையும் மட்டும் பதியச் சொன்னேன். புதுச் சாவிக்கு இயந்திரத்தில் பல் வெட்டினார். ரிமோட்டின் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தி, இரண்டையும் வண்டிக்கு அறிமுகம் செய்தார். டாஷ்போர்டில் சிமிட்டிக்கொண்டிருந்த சாவிப் படம் அணைந்தது. எல்லாம் முடிந்ததும் மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"உங்ககிட்ட ஒரு நகல் இருக்காதுன்னு எப்படி நம்பறது?"

அக்கா என் கையைக் கிள்ளினாள். அவர் கோபப்படவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். "ரெண்டுதான், பாத்துக்கங்க. அதுக்கு மேல என்னை நம்பித்தான் ஆகணும். இன்னொண்ணும் சொல்லிடறேன். பழைய சாவி வண்டியக் கிளப்பாது, ரிமோட்டும் வேலை செய்யாது. ஆனா கதவுல விட்டுத் திருகினா தொறக்கும். அதுவும் கூடாதுன்னா பூட்டு செட்டையே மாத்தணும்."

"மாத்திடுங்க" என்றேன்.

"வேண்டாங்க, போதும்" என்றாள் அக்கா. "கதவத் தொறந்து என்ன பண்ணப் போறாங்க? உக்காந்துட்டுப் போகட்டும்."

5

ஞாயிற்றுக்கிழமை. யூனிட் லீவு. சுற்றுப்புறத்து நிட்டிங் மெஷின்களும் கரண்ட் இல்லாமல் நின்றிருந்தன. சாப்பிட்டுவிட்டு அக்காவும் நானும் மாடியில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று கீழே ஹாரன் விட்டு விட்டு அலறத் தொடங்கியது. பூட்டிய வண்டியை ரிமோட் இல்லாமல் வெறும் சாவியால் திறந்தால் அப்படிக் கத்தும் என்று ரபீக் சொல்லியிருந்தார்.

ஓடினோம். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

பேக்கரியில் நின்ற அதே பெண் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் வருவதைப் பார்த்தும் ஓடவில்லை. ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கைகளையும் வைத்து, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி அதன் இடத்தில் செருகியிருந்தது. டாஷ்போர்டில் அந்தச் சாவிப் படம் சிமிட்டிக்கொண்டிருந்தது.

நான் போனில் அவள் முகத்தைப் படம் எடுத்தேன். பிறகு கையை உள்ளே விட்டுச் சாவியை உருவினேன். அக்கா வந்து ரிமோட்டை அழுத்தியதும் ஹாரன் நின்றது. தெருவே அமைதியானது.

"நான் களவாங்க வரல" என்றாள் அந்தப் பெண். தெற்கத்திப் பேச்சு. "வண்டிய எடுத்துட்டுப் போவத்தான் வந்தேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றேன்.

"களவாணி அடுத்தவன் வண்டிய எடுப்பான்." அவள் சீட் உறையின் மஞ்சள் ஓரத்தை விரலால் தடவினாள். "இத நான் தச்சேன். பின்னால எடதுபக்கக் கண்ணாடி பாதிக்கு மேல எறங்காது. பாத்துக்கிடுங்க."

இடதுபக்கக் கண்ணாடி முழுதாக இறங்காது என்பது எங்களுக்கும் தெரியும். என்றாலும் போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அக்கா என் கையிலிருந்த போனைக் கீழே அழுத்தினாள்.

"எறங்கி வா அம்மிணி. வெயில்ல உக்காராத. உள்ள வந்து பேசு."

6

அவள் பெயர் ஜெயசீலி. தூத்துக்குடிப் பக்கம். இருபது வருடத்துக்கு மேலாகத் திருப்பூரில் இருக்கிறாள். ஒரு கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னாள். நான்தான் கேட்டேன். 

வண்டி ஜெயசீலியின் சம்பளத்தில் வாங்கியது. வாங்கியது கணவன் பெயரில். "ஆம்பள பேர்ல இருந்தா லோன் சீக்கிரம் கெடைக்கும்னு சொன்னாவ. நானும் சரின்னுட்டேன்." ஓட்டக் கற்றுக்கொண்டது அவள்தான். கம்பெனியில் ஓவர்டைம் முடிந்து பஸ் கிடைக்காமல் நிற்கும் பெண்களைப் பல்லடம் ரோடு நெடுக வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவாள். அவர்கள் பெட்ரோலுக்குக் கொடுப்பார்கள். அவள் வண்டி இருக்கிறது என்ற தைரியத்தில் அந்தப் பெண்களின் வீடுகளில் ஓவர்டைமுக்கு விட்டார்கள்.

"ஒருநாள் வண்டி வாசல்ல இல்ல. ஒர்க்ஷாப்புல நிக்குன்னு எங்க வீட்டுக்காரவிய சொன்னாவ. நானும் நம்பி பஸ்ல போனேன். நாளைக்கு வரும், நாளான்னைக்கு வரும்னாவ. அப்புறம் அவியளும் வரல."

"எங்க போனாரு?"

"தெரியல."

"தேடினீங்களா?"

"எங்கன்னு தேட?"

"வண்டி இங்க இருக்கறது எப்படித் தெரிஞ்சது?"

"எங்க லைன்ல வேல பாக்கிற பிள்ள ஒண்ணு, உங்க சீட் கவர நெருப்பெரிச்சல்ல பாத்தேன்னு சொல்லிச்சி. வண்டியன்னு சொல்லல. சீட் கவரன்னு சொல்லிச்சி."

"சாவி உங்ககிட்ட எப்படி?"

"எப்பவும் எம் பையிலதான் கெடக்கும். வண்டி போன மறுவாரம் நெத்தி நெறைய பட்ட போட்ட ஒரு அண்ணாச்சி வீட்டுக்கு வந்து அந்தச் சாவியக் கேட்டாவ. எதுக்குன்னு கேட்டேன். சொல்லல. நானும் குடுக்கல."

அக்கா தலை நிமிர்ந்தாள். "யாரு வந்தாங்க?"

ஜெயசீலி அடையாளம் சொன்னாள். உயரம், இடதுகையில் செம்புக் காப்பு, நீலநிற பைக். வேறு யாருமில்லை, வேலுச்சாமி அண்ணன்தான்.

கூப்பிட்டதும் வந்தார். நாற்காலியில் ஜெயசீலியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"குண்டடமா, கெணறாங்க?" என்று நான் கேட்டேன்.

 அவர் அக்காவைப் பார்த்து, "வண்டி அவரு பேர்ல இருந்துச்சுங்க. அவரு வித்தாரு, நான் வாங்குனேன். அது அவிங்க ஊட்டுப் பிரச்சனை. அதுக்குள்ள நான் எதுக்குங்க தலையிடறது? சட்டப்படி வண்டி உங்குளுதுதானுங்க" என்றார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "அண்ணா, எங்கூட்டுக்காரரு சாவுக்கு நீங்க மூணு நாள் நின்னீங்க. அதனாலதான் ஒரு சாவிதான்னு சொன்னப்ப நான் ஒரு வார்த்தை கேக்கல. என்ற தங்கச்சி கேட்டா. அவளத்தான் நான் திட்டுனேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் அக்கா வீட்டுப் பக்கம் வருவதில்லை.

மறுநாள் நான் மட்டும் ஜெயசீலி வேலை செய்யும் கம்பெனி வாசலில் போய் நின்றேன். அவள் சொன்னதை நம்பி அக்கா இரக்கப்பட்டுவிடுவாள் என்று தெரியும், அதனால் விசாரிக்கப் போனேன். ஷிப்ட் விட்டு வந்த பெண்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். வண்டி போனபின் இரண்டு பேர் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள், ஒருத்தி வேலையையே விட்டுவிட்டாள். ஆனால் அந்தக் கணவனைப் பற்றி யாரும் கெட்டதாகச் சொல்லவில்லை. "நல்ல மனுசன்தான், சாந்தமாப் பேசுவாரு" என்றாள் ஒருத்தி. எனக்கு அது என்னவோ போலிருந்தது.

அக்கா அதற்குள் முடிவு எடுத்திருந்தாள்.

"வண்டி சாயந்திரம் ஆனா சும்மாதான் நிக்குது. நம்ம யூனிட்டுப் புள்ளைங்களையும் அவ கம்பெனிப் புள்ளைங்களையும் அவ கொண்டுபோயி உடட்டும். எனக்கும் முட்டி வலியில ஓட்ட முடியறதில்ல. ஞாயித்துக்கெழமை எங்கியாச்சும் போகோணும்னாலும் அவளே பாத்துக்குவா."

சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியில் ஆள் ஏற்றினால் என்ன ஆகும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் தருமா, பழக்கமில்லாத ஒருத்தியிடம் சாவியைக் கொடுப்பதா என்று அடுக்கினேன்.

"நீ பொட்டியத் திருப்பி அனுப்பற மாதிரியே பேசற கண்ணு" என்றாள். "புள்ளைங்ககிட்ட ஒத்த ரூவா வாங்கப் போறதில்ல. பெட்ரோல் செலவு என்னுது."

மறுபடி ரபீக் கடைக்குப் போனோம். ஜெயசீலியின் பழைய சாவியை அவர் வண்டிக்குச் சேர்த்தார். "போன வாரம் எடுக்கச் சொன்னீங்க, இந்த வாரம் சேக்கச் சொல்றீங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திரையில் மூன்று என்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். ஜெயசீலி சாவியைக் கையில் வாங்கியதும் வண்டியில் ஏறவில்லை. ஒரு முறை பூட்டினாள், திறந்தாள். பூட்டினாள், திறந்தாள். விளக்குகள் ஒவ்வொரு தடவையும் மினுங்கின. பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "ஏறுங்கக்கா" என்றாள்.

7

நான் இங்கே திரும்பிய பிறகும் விடவில்லை. வேலை முடிந்து திரும்பும் ரயிலில் இருந்தபடியே தினமும் அக்காவைக் கூப்பிட்டேன். வண்டி எத்தனை மணிக்கு வந்தது, யார் யார் ஏறினார்கள், மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது. இங்கே ரயிலில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. எதிர் சீட்டுக்காரர்கள் என்னை ஏதோ சண்டையில் இருப்பவளாக நினைத்திருப்பார்கள்.

அக்கா சலித்துப்போனாள். "இனி நீயே அவகிட்டக் கேட்டுக்க" என்று ஒருநாள் போனை ஜெயசீலியிடம் கொடுத்துவிட்டாள்.

நான் கேட்டேன். அவள் சொன்னாள். அடுத்த வாரமும் கேட்டேன். ஏன் இருபது கிலோமீட்டர் கூட ஓடியிருக்கிறது என்றால், வேலம்பாளையத்துப் பெண்ணுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்பாள். எந்த ஆஸ்பத்திரி என்றால் அதையும் சொல்வாள். அவள் எரிச்சல்படவில்லை. எனக்கும் நிம்மதி வரவில்லை. ஒருநாள் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த இனியா, "யாரும்மா அது? அவங்களை ஏன் எப்பவும் பரீட்சை வைக்கிற?" என்றாள். வேலை விஷயம் என்றேன்.

சென்ற வியாழக்கிழமை நான் அலுவலக உணவறையில் இருந்தேன். போனில் ஜெயசீலியின் பெயர் வந்தது. எப்போதும் நான்தான் கூப்பிடுவேன். அவளாகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. விபத்து என்றுதான் நினைத்தேன்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லக்கா" என்றாள். "எங்க வீட்டுக்காரவிய வந்திருக்காவ."

நான் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"முந்தாநாள் வந்தாவ. தரையில உக்காந்து அழுதாவ. தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிருன்னு காலப் புடிக்க வந்தாவ. வட்டிக்கு வாங்கி மாட்டிக்கிட்டேன், அதான் வித்தேன்னாவ. சர்ச்சுல இருந்து ஆளு வந்து, சேந்து இருங்கன்னு சொல்லிட்டுப் போனாவ. பக்கத்து வீட்டுக்காரங்களும் அதத்தான் சொல்லுதாவ. உங்க அக்காகூட, வந்த மனுசன வெளிய நிறுத்தாத, சோறு போடுன்னுட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. யோசிச்சிச் சொல்லுதேன்னேன்."

 அவளுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க என்னைய இன்னும் நம்பல, இல்லையா?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. "முழுசா இல்ல" என்றேன்.

"தெரியும். அதான் உங்களுக்குப் போன் அடிச்சேன்." அவள் குரலில் வருத்தம் இல்லை. "இருபத்திரெண்டு வருசத்துல அவியகிட்ட நான் ஒரு கேள்வி கேட்டதில்ல. லோன் ஏன் உங்க பேர்லன்னு கேக்கல. எந்த ஒர்க்ஷாப்புன்னு கேக்கல. எனக்குக் கேக்கத் தெரியல. நீங்க அன்னைக்கு என்னையத் தண்ணி குடிக்க விட்டுட்டு ஒண்ணு விடாமக் கேட்டீங்கல்லா? அந்த மாதிரி அவியகிட்ட இன்னைக்குச் சாயந்திரம் கேக்கணும். மொதல்ல என்ன கேக்க?"

ஜெர்மன்காரச் சக ஊழியர்கள் மூன்று பேர் அதே மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"இத்தனை நாள் எந்த ஊர்ல, யார் வீட்ல தூங்கினாருன்னு கேளு" என்றேன். "ஊர் பேரச் சொன்னா விடாத. தெருப் பேரக் கேளு. அங்க இருந்தவங்க ஒருத்தர் நம்பரக் கேளு."

"ம்."

"வட்டிக்கு யாருகிட்ட வாங்கினாரு. அந்த ஆளு இப்ப வாசல்ல வந்து நிப்பாரா, மாட்டாரா."

"ம்."

"இப்ப ஏன் வந்தாரு. போன மாசம் ஏன் வரல. இப்ப உன்கிட்ட மறுபடி ஒரு வண்டி இருக்குன்னு அவருக்கு யாரு சொன்னது."

பக்கத்தில் யாரிடமோ அவள் பேனா கேட்டு வாங்கினாள். 

"இத நான் யோசிக்கவே இல்லக்கா" என்றாள் ஜெயசீலி மெதுவாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரி. அடுத்தது சொல்லுங்க."